ஈரத்தைச் சேமிக்கும் சிக்கல்

பேபி வைப்ஸ் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படித்துப் பாருங்கள். முதல் பெயர் தண்ணீர். பல தயாரிப்புகளில் அந்தத் திரவத்தின் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதற்குப் பிறகு பீனாக்சிஎத்தனால், சோடியம் பென்சோயேட், சிட்ரிக் அமிலம் என்று பட்டியல் நீளும். இந்தப் பெயர்களில் பல தண்ணீரைக் காப்பாற்றுவதற்காகச் சேர்த்தவை. குழந்தையின் தோலுக்கு அவற்றால் ஆவது எதுவும் இல்லை. நனைந்த தாளை மூடிய பையில் மாதக்கணக்கில் வைத்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்தே தீரும். அவற்றை வளரவிடாமல் நிறுத்திவைக்கத்தான் இத்தனை வேதியியல்.

பழைய பருத்தித் துணியில் வீட்டிலேயே தைத்துக்கொள்ளும் துடைப்புத் துணிக்கு இந்தத் தொல்லை கிடையாது. துவைத்து, காய வைத்து, அடுக்கி வைக்கலாம். குழந்தையைத் துடைக்கப் போகும்போது நனைத்தால் போதும். காய்ந்த பருத்தியில் நுண்ணுயிர் பெருகாது. அப்போதே எடுத்த சுத்தமான தண்ணீரில் பெருக நேரமில்லை. துணியும் ஈரமும் துடைக்கும் நொடி வரை தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. வீட்டில் செய்பவர்களில் பலர் கடைப் பாக்கெட்டைப் பார்த்து, துணிகளை எண்ணெய், சோப்பு, வாசனைத் திரவியம் கலந்த நீரில் ஊறப் போட்டு டப்பாவில் மூடி வைக்கிறார்கள். பாக்கெட்டின் சிக்கலை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து, அந்தச் சிக்கலுக்குத் தொழிற்சாலை கண்ட தீர்வை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

வைப்ஸ் முதலில் குழந்தைகளுக்காக உருவானதே அல்ல. அழகுசாதனத் துறையில் வேலை பார்த்த ஆர்தர் ஜூலியஸ் என்ற அமெரிக்கர், வெளியில் சாப்பிடுகிறவர்கள் கை துடைத்துக்கொள்ள, நனைத்த தாளைச் சின்ன உறையில் அடைக்கும் யோசனையை 1957-இல் கண்டுபிடித்தார். 1960-களின் தொடக்கத்தில் கென்டக்கி பிரைடு சிக்கன் கடைகள் அதை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கின. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பெரியவர்களின் விரல்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. பின்னர் நெய்யாத துணி வந்தது. பாவு, ஊடை என்று நூல் ஓட்டாமல், இழைகளைப் பரப்பி, அழுத்தமான நீர்த்தாரைகளால் குத்தி ஒன்றோடொன்று சிக்க வைக்கும் முறை அது. அதன் பிறகு அதே ஈரத்தாள் பெரிதாகி, மென்மையாகி, தொட்டில் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் பெரும்பாலும் பாலியெஸ்டரோ பாலிப்ரொப்பிலீனோ கலந்திருக்கும். தாள் என்று நினைத்துக் கழிவறையில் போட்டால் கரையாது. லண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில் 2017-இல் சாக்கடைக் குழாயை அடைத்துக்கொண்ட கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. சமையல் கொழுப்பும் வைப்ஸும் சேர்ந்து இறுகிய அந்தக் கட்டியின் ஒரு துண்டை லண்டன் அருங்காட்சியகம் மறு ஆண்டு காட்சிக்கு வைத்தது.

தண்ணீரைக் காக்கும் ரசாயனம் தோலில் என்ன செய்யக்கூடும் என்பதற்கு மெத்தில்ஐசோதயசோலினோன் ஓர் எடுத்துக்காட்டு. மிகக் குறைந்த அளவிலேயே நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதால் உற்பத்தியாளர்கள் அதை விரும்பிச் சேர்த்தார்கள். 2014-இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில், அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர்கள் இருவர் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். முகத்திலும் பிட்டத்திலும் சிவந்து சொறிந்த புண்கள். வேறு நோய்கள் என்று எண்ணிக் கொடுத்த மருந்துகளுக்கு அடங்கவில்லை. வைப்ஸை நிறுத்தியதும் ஆறின. அந்தக் குழந்தைகளுக்கு ஒவ்வாமை தந்தது இந்த ஒரு பொருள்தான். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் இதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்திருந்தது. கழுவாமல் தோலிலேயே விட்டுவிடும் பொருட்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2017-இல் நடைமுறைக்கு வந்தது.

இதை வைத்து எல்லா வைப்ஸும் நஞ்சு என்று பேசுவது நியாயம் ஆகாது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டினா லாவெண்டர் குழுவினர் 280 பச்சிளம் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பஞ்சும் தண்ணீரும், மறு பிரிவுக்கு ஆல்கஹால் இல்லாத ஒரு வைப்ஸும் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவு: தோலின் ஈரப்பதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கவனமாகச் செய்த வைப்ஸ் தண்ணீரின் அளவுக்கு நல்லது என்பதே அந்த ஆய்வு காட்டியது. அந்தச் சோதனையில் அளவுகோலாக நின்றது வெறும் தண்ணீர் என்பதையும் கவனிக்க வேண்டும். அவ்வளவு உழைத்துத் தொழிற்சாலை எட்ட வேண்டிய இலக்கு நம் வீட்டுக் குடத்தில் இருக்கிறது.

குழந்தையின் தோல் எதற்கு அஞ்சுகிறது என்று தெரிந்தால், துணியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் தெளிவாகிவிடும். பிறக்கும்போது உடலில் ஒட்டியிருக்கும் வெண்ணிறப் பூச்சில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். மீதியில் கொழுப்பும் புரதமும் சரிபாதி. கருப்பையின் நீரிலிருந்து தோலைக் காத்த அந்தப் பூச்சு போன பின், தோல் தனக்கென்று ஒரு மெல்லிய அமிலப் படலத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும். பிறந்த அன்று தோலின் பி.எச். அளவு நடுநிலைக்கு அருகில், 6-க்கு மேல் இருக்கும். அடுத்த சில வாரங்களில் அது 5-ஐ நோக்கி இறங்குகிறது. இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். தோலின் மேலடுக்கைக் கட்டும் நொதிகளுக்கு அந்த அமிலச் சூழல்தான் பிடிக்கும். தீய நுண்ணுயிர்களுக்கு அது பிடிக்காது.

இடுப்புத் துணிக்குள் வரும் சிவப்புக்குக் காரணம் என்ன என்பதில் மருத்துவம் பல ஆண்டுகள் தடம் மாறிப் போனது. ஈரத் துணியில் எழும் அம்மோனியா நெடியை முகர்ந்தவர்கள் எல்லோரும் அதையே குற்றவாளியாக நினைத்தார்கள். 1921-இல் குக் என்ற அமெரிக்க மருத்துவர், சிறுநீரிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தார். 1977-இல் ஜேம்ஸ் லேடன் குழுவினர் சிவப்பு கண்ட குழந்தைகளையும் காணாத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள்; அம்மோனியாவின் அளவில் வேறுபாடு இல்லை. 1986-இல் வெளியான ஆய்வுகளில்தான் கதை முழுதாகத் தெரிந்தது. மலத்தில் இருக்கும் பாக்டீரியாவின் யூரியேஸ் என்ற நொதி, சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. அதனால் தோலின் பி.எச். ஏறுகிறது. பி.எச். ஏறியதும், மலத்தோடு வந்த புரதம் செரிக்கும் நொதிகளும் கொழுப்பு செரிக்கும் நொதிகளும் வேகம் எடுக்கின்றன. குடலில் பாலைச் செரித்தவை இப்போது தோலைச் செரிக்கப் பார்க்கின்றன. மலமும் சிறுநீரும் தனித்தனியே செய்வதைவிட, இரண்டும் கலந்து நெடுநேரம் கிடப்பதுதான் கேடு. ஊறிய தோலில் உராய்வும் கூடுகிறது. காய்ந்த தோலைவிட அது எளிதாகச் சிராய்க்கும்.

ஆக, நல்ல துடைப்புக்கு மூன்று குணங்கள் போதும். மலத்தைச் சீக்கிரம் அள்ளி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது, காரத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது. குளியல் சோப்பின் பி.எச். 9, 10 என்று இருக்கும். சமையல் சோடா கரைத்த நீரும் காரம்தான். நொதிகளுக்கு அம்மோனியா செய்யும் உதவியையே இவையும் செய்கின்றன. வெறும் தண்ணீர் அப்படிச் செய்வதில்லை.

நம் வீடுகளில் குழந்தை ஆய் போனால் கழுவிவிடுவதே பழக்கம். இந்தத் துணி அந்தப் பழக்கத்துக்கு மாற்றாக வர வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில் உராய்வே கிடையாது. அதைவிட மேலானது எதுவும் இல்லை. தொப்புள்கொடி விழாத முதல் நாட்கள், நடுச்சாமம், மார்கழிக் குளிர், பேருந்துப் பயணம், ஆஸ்பத்திரி வராந்தா போன்ற நேரங்களில்தான் துணி வேண்டியிருக்கிறது. வைப்ஸ் நம் வீடுகளுக்குள் நுழைந்ததும் இந்த நேரங்கள் வழியாகத்தான்.

துணிக்கு வருவோம். ஒரு பருத்தி இழை முழுவதும் ஒரே ஒரு செல். காய் வெடித்து வெயில் பட்டதும், உள்ளே நீர் வற்றி, குழாயாக இருந்த அந்தச் செல் சப்பையாகி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்குகளால்தான் இழைகள் ஒன்றையொன்று பிடித்து நூலாகின்றன. இழைகளுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகளும் உண்டாகின்றன. தண்ணீர் அந்த இடைவெளிகளில் தானே ஏறுகிறது. பருத்தியின் உடல் செல்லுலோஸ். அதன் மூலக்கூறு நெடுகத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் இடங்கள் இருக்கின்றன. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தாலே பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் நீரைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் எடுப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு.

இன்னொரு குணமும் பருத்திக்கு உண்டு: நனைந்தால் பலம் கூடும். விஸ்கோஸ் இதற்கு நேர்மாறு. நனைந்ததும் தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். மூங்கில் துணி என்று விலை கூட்டி விற்பவற்றில் பெரும்பாலானவை, மூங்கிலின் செல்லுலோஸை ரசாயனத்தில் கரைத்து இழுத்த விஸ்கோஸ்தான். அதற்கு மூங்கில் என்று பெயர் ஒட்டி விற்றதற்காக அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2010-இல் 78 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அடிக்கடி நனைத்து, பிழிந்து, துவைக்கப்போகும் துணிக்கு நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

புதிய காடாத் துணி வாங்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டு நிற்கும். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது. எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான அந்த மெழுகு தண்ணீரை உள்ளே விடாது. தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க ஏற்றிய கஞ்சியும் அதோடு சேர்ந்திருக்கும். துவைக்கத் துவைக்க இரண்டும் போகும். சொட்டு 5 நொடிக்குள் மறைந்தால் அந்தத் துணியின் உறிஞ்சும் தன்மை போதுமானது என்பது ஜவுளிச் சோதனைக்கூடங்களின் கணக்கு. நீங்களும் அந்தச் சோதனையையே செய்யலாம். பல ஆண்டு உடுத்தித் துவைத்த வேட்டி இதில் உடனே தேறிவிடும். கஞ்சியும் மெழுகும் போய், நூல் தளர்ந்து, இழைநுனிகள் விரிந்து கிடக்கும் அந்தத் துணியைவிடக் குழந்தைக்கு ஏற்ற துணி கடையில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தூளிக்கும் விரிப்புக்கும் இடுப்புத் துணிக்கும் பாட்டிமார் பழைய வேட்டியையும் நூல் சேலையையும் தேடி எடுத்ததில் இந்த அறிவு இருந்தது. வேட்டி பாலியெஸ்டர் கலந்ததா என்று ஐயமாக இருந்தால், ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான உருண்டையாகும்.

வேட்டி மட்டும் போதுமா? சிறுநீர் துடைக்கப் போதும். கட்டியான மலத்தை வழவழப்பான துணி அள்ளாது, இழுவிவிடும். அதற்குப் பூத்துவாலையின் கண்ணிகள் வேண்டும். இந்தக் கண்ணி நெசவை ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் துருக்கியின் பூர்சா நகரில் 1850 வாக்கில் கண்டு ஊருக்கு எடுத்துப் போனார். அதை எந்திரத் தறியில் நெய்ய வழி கண்டவர் சாமுவேல் ஹோல்ட். நிற்கும் ஒவ்வொரு கண்ணியும் துணியின் மேற்பரப்பைப் பெருக்குகிறது. அழுக்கு கண்ணிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வதால் தோலின் மேல் மறுபடி பரவுவதில்லை. ஒரு பக்கம் வேட்டி, மறுபக்கம் பழைய பூத்துவாலை என்று இரண்டடுக்காகத் தைப்பது நல்லது. துவாலைப் பக்கத்தால் அள்ளலாம், வேட்டிப் பக்கத்தால் ஒற்றலாம்.

ஒரு துணி ஒரு சாண் சதுரம் இருந்தால் கையை மூடும். மடித்துத் திருப்பி இன்னொரு பக்கத்தையும் பயன்படுத்தலாம். தையலுக்கு இடம் விட்டு 22 செ.மீ. சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு முழ வேட்டி ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம். கரையை வெட்டிவிட வேண்டும். சரிகையும் சாய நூலும் தோலைக் கீறும். மீதியில் நீளவாக்கில் ஒன்பது, அகலவாக்கில் ஐந்து என்று 45 சதுரம் கிடைக்கும். ஒரு நாளைக்குப் பல தடவை ஆய் போகும் பச்சைக்குழந்தைக்கு, துவைத்தது காயும் வரை கைவசம் இருக்க, முப்பது நாற்பது துணிகள் தாராளம்.

நூல் இழைக்கு நேராக வெட்ட வேண்டும். கத்தரியால் கோணலாக வெட்டினால் துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, இரண்டு துவைப்பில் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும். ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டுக் கையால் கிழித்தால் வேட்டி தானாகவே இழை பிடித்து நேராகக் கிழியும். பூத்துவாலையைக் கிழிக்க முடியாது. அதை வெட்டித்தான் ஆக வேண்டும். முதலில் இரண்டையும் வெந்நீரில் துவைத்துக் காய வைத்துவிடுங்கள். இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கும். தைத்த பின் சுருங்கினால் ஒன்று புடைத்து நிற்கும்.

இரண்டின் நல்ல பக்கங்களும் உட்புறம் இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சுற்றித் தைத்து, நான்கு விரல் இடம் விட்டு, அதன் வழியே வெளியே திருப்ப வேண்டும். பிறகு ஓரத்தையொட்டி இன்னொரு தையல். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்துவிட்டால் திருப்பும்போது துணி குவியாது. கூர் மூலை ஈரத் தோலில் உறுத்தும். நடுவில் குறுக்காக ஒரு தையல் ஓட்டினால் இரண்டடுக்கும் பிழியும்போது விலகாது. தையல் கடையில் கொடுத்தால், “இதை ஏம்மா மடிச்சுத் திருப்பிக்கிட்டு, ஓவர்லாக் போட்டுத் தர்றேன்” என்பார்கள். ஓவர்லாக்கும் தோது, வேகமாகவும் முடியும். பிசிறு உள்ளே போகாது என்பதால், தையல் நூல் தோலில் படும் ஓரம் மட்டும் கொஞ்சம் முரடாக இருக்கும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு அது பொருட்டல்ல. பச்சைக்குழந்தைக்குத் திருப்பித் தைப்பதே நல்லது. நூல் பருத்தியாக இருக்கட்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி ஈரம். காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பிளாஸ்கில், அடுக்கிய துணி ஒரு டப்பாவில். வேலை முடிந்தது. பயணத்துக்கும் இதே ஏற்பாடு போதும். தண்ணீரோடு எதையாவது சேர்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். தேயிலை மர எண்ணெய், லாவெண்டர் எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களில் இருக்கும் லினலூல், லிமோனீன் ஆகியவை காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஒவ்வாமை தூண்டும் பொருட்களாக மாறுகின்றன என்பது தோல் மருத்துவத்தில் உறுதிப்பட்ட செய்தி. ஆலிவ் எண்ணெய் பெரியவர்களின் தோலிலேயே மேலடுக்கின் கட்டுக்கோப்பைக் குலைக்கிறது என்று ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். பிறந்த முதல் நாட்களின் கருமலம் தார் போல ஒட்டும். அதற்கு மட்டும் சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் உராய்வில்லாமல் வரும். அந்த எண்ணெயும் துடைக்கும் நேரத்தில் தொட்டுக்கொள்ள வேண்டியது. டப்பாவில் ஊற்றி வைப்பதற்கு அல்ல.

ஊறவைத்த துணியை மூடிவைப்பதன் ஆபத்தை நான் மிகைப்படுத்தவில்லை. எல்லாப் பாதுகாப்புப் பொருட்களும் அளந்து சேர்க்கும் தொழிற்சாலைகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 2014 அக்டோபரில், அமெரிக்காவில் பல பெயர்களில் விற்பனையான குழந்தை வைப்ஸ் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பர்கோல்டேரியா செபாசியா என்ற பாக்டீரியா இருந்தது. நோய் எதிர்ப்பு குன்றியவர்களுக்கு ஆபத்தான கிருமி அது. சமையலறை மேடையில் சோப்பு நீரில் ஊறும் துணி, அதில் எந்தக் காப்பும் இல்லை, வெளியே சித்திரை வெயில்: பாக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்?

துடைக்கும்போது முதலில் துவாலைப் பக்கத்தால் பெரும்பகுதியை ஒரே இழுப்பில் அள்ளுங்கள். பெண் குழந்தை என்றால் கட்டாயம் முன்னிருந்து பின்னோக்கி. மலத்திலுள்ள பாக்டீரியா சிறுநீர்த் துளைக்கு வந்தால் தொற்று வரும். பிறகு வேட்டிப் பக்கத்தால் ஒற்றி எடுங்கள். தொடை மடிப்பில் ஈரம் தங்காமல், காய்ந்த இன்னொரு துணியால் ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். போலியோ சொட்டு மருந்தின் வலுவிழந்த வைரஸ்கூட, மருந்து கொடுத்துச் சில வாரங்கள் வரை குழந்தையின் மலத்தில் வெளியேறும். சாதாரண நாட்களில் எத்தனை வகை நுண்ணுயிர் அதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. மடிப்புகளில் அடர் சிவப்பும், அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளும் தெரிந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. துணியை மாற்றிப் பயனில்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆறும் வரை துணிகளைக் கொதிக்க வைத்துத் துவைக்க வேண்டும்.

துவைப்பதில் வரிசை முக்கியம். முதலில் பச்சைத் தண்ணீர். மலத்தில் புரதம் இருக்கிறது. முதலிலேயே சுடுநீர் ஊற்றினால் புரதம் இறுகி இழையோடு பிடித்துக்கொள்ளும். அலசிக் கழிவறையில் கொட்டிய பின் வெந்நீரும் துவைப்புத்தூளும். பிறகு நுரை அடங்கும் வரை அலச வேண்டும். கடைசி அலசல் நீரில் பிழிந்து பாருங்கள். நுரை வந்தால் துணியில் இன்னும் தூள் இருக்கிறது. நனைத்துத் துடைக்கும்போது அந்தக் காரம் தோலுக்குப் போகும். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் கட்டி சோப்பு நல்லதல்ல. நீரின் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி இழைகளில் படிந்து, துணியை விறைப்பாக்கிவிடும். துவைப்புத்தூளில் இந்தத் தொல்லை குறைவு. ஏற்கெனவே விறைத்த துணியை, கொஞ்சம் வினிகர் விட்ட நீரில் ஒருமுறை அலசினால் படிவு கரையும். துணி மென்மைத் திரவம் வேண்டவே வேண்டாம். அது இழையின் மேல் ஒரு கொழுப்புப் படலத்தைப் பூசித்தான் மென்மை தருகிறது. வேட்டியிலிருந்து மெழுகைப் போக்க இத்தனை ஆண்டு ஆனது. அதைத் திரும்ப ஏற்றுவானேன்?

துவைத்த பின்னும் மஞ்சள் கறை நிற்கும். அது அழுக்கல்ல, பிலிருபின். பழைய ரத்த அணுக்கள் உடையும்போது உண்டாகி, பித்தத்தின் வழியே குடலுக்கு வரும் மஞ்சள் நிறமி அது. பெரியவர்களின் குடல் பாக்டீரியா அதை மாற்றி மலத்துக்குப் பழுப்பு நிறம் தருகிறது. பச்சைக்குழந்தையின் குடலில் அந்தப் பாக்டீரியா இன்னும் குடியேறாததால் மஞ்சள் அப்படியே வெளியேறும். ஈரத்தோடு துணியை வெயிலில் விரியுங்கள். பிலிருபின் ஒளியில் உடைந்து நிறமில்லாத துண்டுகளாகிவிடும். மாலைக்குள் கறை வெளுத்திருக்கும்.

இந்த வேதிவினை மருத்துவத்துக்கு வந்த வழி அருமையானது. இங்கிலாந்தின் எசெக்ஸில் ராச்ஃபோர்டு பொது மருத்துவமனை, 1956. குறைமாதக் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்ட செவிலியர் ஜீன் வார்டு, வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுவந்து வைப்பார். மஞ்சள்காமாலை கண்ட ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார்: துணி மூடியிருந்த இடத்தில் மட்டும் அழுத்தமான மஞ்சள், வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது. அதே மருத்துவமனையில் ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ஒரு ரத்த மாதிரியில் பிலிருபின் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததையும் கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர் ரிச்சர்டு கிரீமரும் உடனிருந்தோரும் 1958-இல் லான்செட் இதழில் ஒளி சிகிச்சையை அறிவித்தார்கள். மஞ்சள்காமாலை கண்ட பச்சைக்குழந்தைகளை இன்று நீல ஒளிக்குக் கீழே படுக்க வைப்பது அங்கிருந்து தொடங்கியது. ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: வெயில் துணியின் மஞ்சளைப் போக்கும் என்பதால் குழந்தையின் மஞ்சளையும் முற்றத்து வெயிலிலேயே போக்கிவிடலாம் என்று காத்திருக்கக் கூடாது. பிலிருபின் அளவு மிகுந்தால் மூளையைத் தாக்கும். அளந்து பார்த்து, அளந்த ஒளியில் வைக்க வேண்டிய நோய் அது.

வெயில் கிருமிகளையும் கொல்லும். ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள், ஊட்டநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களில் சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை ஈயத்தாள் சுற்றியும் வைத்தார்கள். மூடியவை கலங்கின; வெயில் பட்டவை தெளிவாகவே இருந்தன. 1877-இல் அதை எழுதினார்கள். பங்குனி, சித்திரையில் நமக்கு இந்த உதவி இலவசம். சிக்கல் ஐப்பசி அடைமழையில். வீட்டுக்குள் கொடியில் மெதுவாகக் காயும் துணியில் ஒரு புழுங்கல் நாற்றம் வரும். அதை உண்டாக்குவது மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள். துவைத்த துணியிலும் பிழைத்திருந்து, ஈரம் நீடிக்கும்போது பெருகும் உயிர் அது. நாற்றம் வந்த துணியைக் குழந்தைக்கு எடுக்காதீர்கள். வெந்நீரில் மறுபடி அலசி, காற்றாடிக்குக் கீழே விரித்து, பருத்திக்கு உரிய சூட்டில் இஸ்திரி போடுங்கள். முழுக்கக் காய்ந்த பின்தான் அடுக்க வேண்டும்.

துணி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. இடுப்புத் துணிகளைப் பற்றி பிரிட்டன் அரசு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் நாப்கினால் 550 கிலோ கரியமில வாயுவும், துவைத்துப் பயன்படுத்தும் துணியால் 570 கிலோவும் வெளியாகும் என்று கணக்கு வந்தது. துணி தோற்றதற்குக் காரணம் துவைத்த விதமும் மின்சார உலர்த்தியும். எந்திரம் நிறையப் போட்டுத் துவைத்து, வெளியில் கொடியில் காய வைத்து, அடுத்த குழந்தைக்கும் அதே துணியை எடுத்தால் துணியின் கணக்கு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. உடுத்தித் தீர்ந்த வேட்டியில் செய்து வெயிலில் காயப் போடும் நம் துணி அந்தக் கணக்கின் நல்ல பக்கத்தில் நிற்கிறது. தண்ணீர்ப் பஞ்சமுள்ள வீட்டில் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும்; சரியாக அலசாத துணி வைப்ஸைவிடக் கெடுதல்.

குழந்தை வளர்ந்த பிறகு இந்தத் துணிகள் மேடை துடைக்க, சைக்கிள் துடைக்க என்று இன்னும் சில காலம் ஓடும். இழை தேய்ந்து, பிழிந்தால் பஞ்சு உதிரத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். செல்லுலோஸை உடைக்கும் பூஞ்சைகளும் பாக்டீரியாவும் எல்லா மண்ணிலும் இருப்பதால், ஈர மண்ணில் புதைத்த பருத்தி மாதங்களில் மக்கிப்போகும். தையல் நூல் பாலியெஸ்டராக இருந்தால் அது மட்டும் அப்படியே கிடக்கும். பருத்தி நூலில் தைத்திருந்தால் துணியை அப்படியே வாழை மரத்தடியில் புதைத்துவிடலாம். ஓவர்லாக் போட்ட துணி என்றால், கடைகளில் அதற்கு ஓட்டுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் நூல்தான். ஓரத்தைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டு நடுத்துணியை மட்டும் புதைக்க வேண்டும்.